ஓடும் நேரமும் நிற்கும் நேரமும்

நகரப் போக்குவரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது வேகம் பற்றிய கேள்விதான். புதிய ரயில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பழையதைவிட எத்தனை பங்கு அதிகம்? திறப்பு விழாச் செய்திகளிலும் இந்த எண்ணுக்குத்தான் பெரிய எழுத்து. ஆனால் பயணம் செய்கிறவர் வண்டியின் உச்ச வேகத்தில் பயணம் செய்வதில்லை. வீட்டு வாசலில் செருப்பை மாட்டியது முதல் போக வேண்டிய இடத்தின் வாசலை மிதித்தது வரை உள்ள நேரம்தான் அவருக்குக் கணக்கு. அந்த நேரத்தில் வண்டி ஓடியது எவ்வளவு, வண்டிக்காக நின்றது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், சென்னை மாநகரப் போக்குவரத்தின் குறை எங்கே இருக்கிறது என்பது ஓரளவு தெளிவாகும். இக்கட்டுரையில் அந்தக் கணக்கைத்தான் செய்து பார்க்கப் போகிறோம். பள்ளி இறுதி வகுப்பு இயற்பியல் போதும்.

முதலில் மெட்ரோ ரயிலை எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே தொடங்கிய இந்த ரயில், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டபோது மொத்தம் 54 கி.மீ. ஆயிற்று. நிலையங்கள் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் அமைந்துள்ளன. கணக்குக்காக 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ., அதாவது வினாடிக்கு சுமார் 22 மீட்டர். முடுக்கம் வினாடிக்கு வினாடி 1 மீட்டர். நிறுத்தும்போதும் அதே அளவு என்று கொள்வோம். வண்டி உச்ச வேகத்தை எட்ட 22 வினாடியும் 247 மீட்டரும் ஆகும். நிற்பதற்கும் அவ்வளவே. நடுவில் எஞ்சும் 706 மீட்டரை 32 வினாடியில் கடக்கும். நிலையத்தில் 30 வினாடி நிற்கும். ஆக ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்தை விட்டுப் புறப்பட 106 வினாடி.

இப்போது கோடிகளைக் கொட்டி உச்ச வேகத்தை மணிக்கு 120 கி.மீ. ஆக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகமெடுக்க 556 மீட்டர், நிற்க 556 மீட்டர் போய்விடும். உச்ச வேகத்தில் ஓடக் கிடைப்பது 90 மீட்டர்கூட இல்லை! மொத்த நேரம் 99 வினாடி. வேகம் ஒன்றரை மடங்கு ஆனது; மிச்சமான நேரம் 7 வினாடி. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. எனவே ஒவ்வொரு முறையும் வண்டிக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. நிறுத்தும்போது அதில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திரும்பப் பெறும் ஏற்பாடு இக்கால வண்டிகளில் உண்டு என்றாலும், முழுவதும் திரும்பி வராது.

பத்து நிலையம் பயணம் செய்கிறவருக்கு இதனால் லாபம் 70 வினாடி. சாதாரணமாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் போவார். நிலைய வாசலைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளிக் கட்டினால் அந்த லாபம் அங்கேயே செலவழிந்துவிடுகிறது. சென்னையில் நூறு மீட்டரோடு விட்டார்களா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நான் பாடம் நடத்துவது திருத்தணியில். சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே கிளம்பும் மின்சார ரயில் தடத்தின் கோடி முனைகளில் இதுவும் ஒன்று. அடுத்த நிலையம் பொன்பாடி. அதையும் தாண்டினால் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று, பெயர்ப் பலகையிலேயே பாதி நடைமேடையைப் பிடித்துக்கொள்ளும் நிலையம். அது ஆந்திரம். எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. வரைபடத்தில் சேர்ந்துவிட்டது. தலைநகரிலிருந்து எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. சென்ட்ரலில் இறங்கி எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கும், கிண்டியில் படிக்கும் மாணவருக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கும் அந்த நிமிடங்கள் பிழைப்போடு சம்பந்தப்பட்டவை. தினமும் போய் வர முடியுமானால் பிள்ளை வீட்டில் இருந்தபடியே படிக்கும். முடியாவிட்டால் விடுதிக் கட்டணம். அதுவும் முடியாவிட்டால் படிப்பே வேறு.

சென்ட்ரலிலிருந்து திருத்தணி ஏறக்குறைய 80 கி.மீ. எல்லா இடங்களிலும் நிற்கும் வண்டிக்கு இடையில் சுமார் 28 நிறுத்தங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நிற்காமல் ஓடினால் 60 நிமிடம். ஒவ்வொரு நிறுத்தமும் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது? வேகமெடுக்கும் முடுக்கம் அரை மீட்டர் என்று கொண்டால் 22 வினாடி இழப்பு. நிறுத்தும்போது முக்கால் மீட்டர் என்று கொண்டால் 15 வினாடி இழப்பு. நிற்பது 30 வினாடி. ஆக 67 வினாடி. இதை 28 ஆல் பெருக்கினால் 31 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி. ஆனால் நடப்பில் இந்தப் பயணம் இரண்டு மணி நேரத்தை ஒட்டியோ தாண்டியோதான் முடிகிறது. எஞ்சிய அரை மணி இயற்பியலின் கணக்கில் வராது. அது சிக்னலில் நிற்பது, விரைவு வண்டிக்கு வழிவிடுவது, தாமதம் நேர்ந்தால் சரிக்கட்டுவதற்கென்று கால அட்டவணையிலேயே சேர்த்துவைத்த நேரம் ஆகியவற்றின் கூட்டு. அரக்கோணத்துக்கு இப்பால் புறநகர் வண்டிக்கென்று தனிப் பாதை கிடையாது. மும்பை வண்டியும் திருப்பதி வண்டியும் சரக்கு வண்டியும் ஓடும் அதே தண்டவாளத்தில் இதுவும் ஒதுங்கி ஒதுங்கி வர வேண்டும்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு அரக்கோணம் வழியாகத்தான் ஓடியது. தெற்கின் மிகப் பழைய பாதை இது. பழமைக்கு மரியாதை செலுத்தும் வகையில் நிதானமாகப் போகிறது போலும்.

ஆக, ஓடும் நேரத்திலேயே நிற்கும் நேரம் இவ்வளவு கலந்திருக்கிறது. வண்டிக்கு வெளியே நிற்கும் நேரம் இதைவிட மோசம். பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம்.

ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பேருந்துகள் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பேருந்துகள், 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம் என்ற இடைவெளியில் வந்தால்? சராசரி இடைவெளி அதே பத்து நிமிடம்தான். மேலாளரின் பதிவேட்டில் ஒரு குறையும் இராது. ஆனால் பயணி எந்த இடைவெளியில் வந்து மாட்டிக்கொள்வார்? மணி நேரத்தில் 54 நிமிடம் நீண்ட இடைவெளிகளுக்கும் 6 நிமிடம் குறுகிய இடைவெளிகளுக்கும் உரியவை. பத்துப் பேரில் ஒன்பது பேர் 18 நிமிட இடைவெளியில்தான் வந்து நிற்பார்கள். அவர்களின் சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். அந்த அதிர்ஷ்டசாலியுடையது 1 நிமிடம். எல்லாருக்குமான சராசரி 8.2 நிமிடம். பேருந்து ஒன்றுகூடக் குறையவில்லை, டீசல் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. பயணியின் காத்திருப்பு மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.

“நான் போகும்போது மட்டும் பஸ் வருவதே இல்லை” என்ற சலிப்பு வெறும் மனப்பிரமை அன்று என்பது இதிலிருந்து விளங்கும். நீண்ட இடைவெளி அதிகம் பேரைப் பிடிக்கும். அது நிகழ்தகவின் இயல்பு.

மாணவ நண்பர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நிறுத்தத்தில் கைக்கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரே தட எண் கொண்ட பேருந்துகளுக்கு இடைப்பட்ட நிமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுங்கள். கிடைப்பது சராசரிக் காத்திருப்பு. எடுத்துக்காட்டாக 4, 3, 21, 2, 10, 20 என்று வந்தால் மொத்தம் 60. வர்க்கங்களின் கூட்டு 970. 120 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8 நிமிடம். ஒழுங்காக வந்திருந்தால் 5. இந்த 3 நிமிட வேறுபாடு, பேருந்து இல்லாத குறையால் வந்ததன்று. ஒழுங்கு இல்லாத குறையால் வந்தது.

ஏன் பேருந்துகள் இப்படிச் சோடி சேர்கின்றன? ஓட்டுநர்கள் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று சிலர் கோபப்படுவதுண்டு. உண்மையில் இது உறுதியற்ற சமநிலைக்கு அருமையான எடுத்துக்காட்டு. கூர்முனையில் நிறுத்திய பென்சில், இம்மி சாய்ந்தாலும் மேலும் மேலும் சாயும் அல்லவா? முன்னால் செல்லும் பேருந்து ஏதோ ஒரு சிக்னலில் ஒரு நிமிடம் பிந்துகிறது. அடுத்த நிறுத்தத்தில் அந்த ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்த கூடுதல் ஆட்கள் காத்திருப்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும். பேருந்து இன்னும் பிந்தும். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பேருந்துக்கோ ஏற ஆளே இல்லை. அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். முன் வண்டியில் படிக்கட்டில் தொங்குவார்கள், பின் வண்டியில் சன்னலோர இருக்கை காலியாக இருக்கும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இலேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். பரிகாரமும் அப்போதே தெரிந்ததுதான். வழியில் ஓரிரு இடங்களில், முந்தி வந்த வண்டியைச் சற்று நிறுத்திவைத்து இடைவெளியைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். நம் பேருந்து நிலையங்களில் டைம் கீப்பர் என்று ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பாரே, அவர் செய்ய வேண்டிய வேலைதான் இது. ஆனால் அவர் தடத்தின் முனையில் இருக்கிறார்; வண்டிகள் சோடி சேர்வது நடுவழியில். இன்று பேருந்து இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் துணையோடு செல்பேசியிலேயே காட்டுகிறார்கள். பயணிக்குக் காட்டுவதோடு நில்லாமல், நடுவழியில் வண்டியை ஒழுங்குபடுத்தவும் அதைப் பயன்படுத்தினால் ஒரு புதுப் பேருந்தும் வாங்காமலே காத்திருப்புக் குறையும்.

அதற்காகப் பேருந்துகள் போதும் என்று சொல்ல வரவில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகளே உள்ளன. பெருநகரின் மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். இலட்சம் பேருக்கு 60 பேருந்து என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகம் நல்ல சேவைக்கு வகுத்த அளவுகோல். நாம் அதில் பாதியில் நிற்கிறோம். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்று தொடங்கிய காலத்திலிருந்து நகரம் எத்தனை பங்கு விரிந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், பேருந்து அதற்கு ஈடு கொடுத்து வளரவில்லை. 2022இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக ஒரே அரசாணையில் விரித்துவிட்டார்கள். எல்லைக்கோட்டை விரிக்க டீசல் வேண்டாம்.

இந்தப் பற்றாக்குறை எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம். ஆனால் ஒரு தடத்தில் வரும் வண்டிகளில் பாதிதான் சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால், காசு இல்லாத பெண்ணுக்கு இடைவெளி பத்து நிமிடமன்று, இருபது நிமிடம். ஒன்றை விட்டு ஒன்றை அவர் போகவிட வேண்டும். கட்டணத்தை நேரமாகச் செலுத்துகிறார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை காத்திருக்கும்போது அது சிறிய கட்டணமன்று.

படியின் உயரமும் நேரம்தான். உயரமான படிகளில் ஏறிப் பழகிய நமக்கு அது தோன்றுவதில்லை. ஒருவர் ஏற 3 வினாடி ஆகும் பேருந்துக்கும் 2 வினாடி ஆகும் பேருந்துக்கும், நிறுத்தத்துக்கு 20 பேர் என்று கொண்டால், 25 நிறுத்தங்களில் 8 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். 2024 ஆகஸ்டு முதல் தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் மீண்டும் ஓடுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம் வரை போராடியதன் பயன் அது. அவர்கள் தமக்காகக் கேட்டது எல்லாருடைய நிமிடங்களையும் மிச்சப்படுத்துகிறது. 2025 ஜூன் முதல் மின்கலத்தில் ஓடும் தாழ்தளப் பேருந்துகளும் வந்திருக்கின்றன. புகை இல்லை என்பது பெரிதாகப் பேசப்பட்டது. தளம் தாழ்வு என்பதும் அதே அளவு பேசப்பட்டிருக்க வேண்டும்.

சாலையில் ஒரு தடவரிசையைப் பேருந்துக்கென்று ஒதுக்கலாம் என்றால் உடனே கார்க்காரர்களின் முகம் வாடும். எளிய கணக்கு ஒன்று: இரண்டு வினாடிக்கு ஒரு கார், காருக்கு ஒன்றரை ஆள் என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 2,700 பேர் போகலாம். அரை நிமிடத்துக்கு ஒரு பேருந்து, பேருந்துக்கு 60 பேர் என்றால் 7,200 பேர். வெள்ளைக்கோடு போட ஆகும் செலவைச் சுரங்கம் தோண்டும் செலவோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. 1895 முதல் 1953 வரை இந்த நகரச் சாலைகளில் மின்சார டிராம் ஓடியது. அதற்கு ஒதுக்கிய இடத்தைப் பிறகு யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இனி, வண்டி மாறும் விஷயத்துக்கு வருவோம். என் பார்வையில் சென்னையின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. போக்குவரத்துத் திட்டமிடுவோர், காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டியில் ஓடும் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குச் சமமாகக் கணக்கிடுவது வழக்கம். நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்கு நேரம் மெதுவாகப் போகும் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் மாறும் இடங்கள்தான் திட்டத்தின் உயிர்நிலை. நடந்தது என்ன?

பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை என்று தவணை முறையில் வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வெறும் 5 கி.மீ. அதை எட்டியிருந்தால் தாம்பரம் தடத்தோடு தெற்கிலும் இணைந்து ஒரு வளையம் ஆகியிருக்கும். அதில் கடைசி அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுப்பதில் வழக்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாதை முட்டுச்சந்தாகவே நின்றது. மின்சுற்று படித்த மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; கம்பி 99 சதவீதம் சுற்றி வந்தாலும், கடைசி அங்குலம் இணையாவிட்டால் விளக்கு எரியாது. மாளிகை போன்ற நிலையங்களைக் கட்டினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பயணிகளுக்கு ரயில் பிடிக்கவில்லை என்று சிலர் முடிவு கட்டினார்கள். சுற்று மூடவில்லை என்பதுதான் காரணம்.

கிளாம்பாக்கம் இன்னோர் எடுத்துக்காட்டு. 2023 டிசம்பர் 30 அன்று தென்மாவட்டப் பேருந்துகளுக்காக மிகப் பெரிய நிலையம் திறந்தார்கள். அதை ஒட்டியே மின்சார ரயில் பாதை ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை! பாதை நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறது. பேருந்து நிலையத்தைப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டார்கள். இருவேறு அலுவலகங்களின் வரைபடங்களை ஒரு மேசையில் விரித்திருந்தால் போதும். நள்ளிரவில் மூட்டையும் குழந்தையுமாக நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றவர்களிடம் எந்த அலுவலகத்தின் வரைபடம் சரியானது என்று கேட்க முடியாது.

இந்த மேசையை அமைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா, ஏற்பட்டது. சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2019இல். முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நம் புறநகர் வண்டியைவிட நிதானம். ஆயினும் அதன் முயற்சியால் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செல்பேசிச் செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கலாம். ஹாம்பர்க் நகரம் 1960களிலேயே ஒரே சீட்டு முறையைத் தொடங்கிவிட்டது என்றாலும், பிந்தியாவது வந்ததே என்று வரவேற்போம். ஆனால் சீட்டுதான் ஒன்றாயிற்று. நேரம் ஒன்றாகவில்லை.

நேரம் ஒன்றாவது என்றால் என்ன? இரண்டு ஊசல்கள் ஒரே அலைவு நேரத்தோடு ஆடலாம். ஆனால் ஒன்று இடக்கோடியில் இருக்கும்போது மற்றது வலக்கோடியில் இருந்தால், அவை எதிர்க் கட்டத்தில் உள்ளன என்கிறோம். மணிக்கு ஒரு ரயில், மணிக்கு ஒரு பேருந்து. ரயில் வந்து சேர்வது 10 மணி 5 நிமிடத்துக்கு. பேருந்து கிளம்புவது 10 மணிக்கு. இரண்டும் சரியான நேரத்தில்தான் ஓடுகின்றன. பயணி 55 நிமிடம் நிற்கிறார். பேருந்தை 10.15க்கு மாற்றினால் 10 நிமிடம். செலவு? அறிவிப்புப் பலகையில் இருக்கும் எண்ணை அழித்து எழுதும் சுண்ணாம்புக் கட்டி.

சுவிட்சர்லாந்து 1982இல் நாடு முழுவதற்கும் இப்படிக் கட்டம் பொருந்திய கால அட்டவணையைக் கொண்டுவந்தது. முக்கியச் சந்திப்புகளில் எல்லாத் திசை வண்டிகளும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும். மணி அடித்துச் சற்றுப் பின் கிளம்பும். நடுவில் உள்ள சில நிமிடங்களில் எல்லாரும் மாறிக்கொள்வார்கள். மலைக்கிராமத்துப் பேருந்தும் அந்தக் கணக்கில் சேரும். அங்கே புதுப் பாதை போடும்போது, இரு சந்திப்புகளுக்கு இடையே குறித்த நேரத்தில் போய்ச் சேர எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவுக்குத்தான் போட்டார்கள்; அதற்கு மேல் ஓர் அடி வேகத்துக்கும் பணம் செலவிடவில்லை. பணக்கார நாடு சிக்கனமாக யோசித்தது.

நகரின் உள்ளே இது தேவையில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் இடத்தில் கட்டம் பார்க்க வேண்டாம். இடைவெளி ஒழுங்காக இருந்தால் போதும். நகரின் ஓரங்களில்தான் கட்டம் உயிர். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே. பேட்டை பக்கமிருந்து திருத்தணிக்கு வரும் மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர். சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால் அவர்கள் முதலில் விசாரிப்பது பாடத்திட்டத்தையன்று. மாலை ரயில் திருத்தணிக்கு வரும்போது ஊருக்குப் பேருந்து இருக்குமா என்பதைத்தான். கடைசிப் பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து ரயில் வந்தால், அந்தப் பிள்ளைக்கு, அதுவும் பெண்பிள்ளையாக இருந்தால், சென்னை என்பது 80 கி.மீ. தூரமன்று, எட்டாத தூரம். இங்கே ரயில்வே மத்திய அரசைச் சேர்ந்தது. பேருந்து மாநில அரசைச் சேர்ந்தது. எல்லை தாண்டி நகரி, புத்தூர் போகும் பேருந்தில் இன்னொரு மாநிலமும் சேரும். இந்த மூவரும் ஒரு கடிகாரத்தைப் பார்த்து அட்டவணை எழுத வேண்டும் என்று கேட்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

வருங்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கி.மீ. நீளம், மூன்று தடங்கள், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கம் தோண்டும் எந்திரங்களின் படங்கள் அடிக்கடி செய்தித்தாளில் வருகின்றன. நியாயமான பெருமைதான். நம்மைப் போன்ற மேற்குத் தடத்துப் பயணிகளுக்கு இதில் மிக முக்கியமானவை இரண்டே இடங்கள்: பெரம்பூரும் வில்லிவாக்கமும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடம் பெரம்பூரைத் தொட்டு, புரசைவாக்கம், மயிலாப்பூர், அடையாறு, தரமணி வழியே செல்கிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் தடம் வில்லிவாக்கத்தைத் தொட்டுக் கோயம்பேடு பக்கம் போகிறது. இன்று திருத்தணியிலிருந்து அடையாறு போகிறவர் சென்ட்ரல் வரை சென்று, மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, கூட்டத்தோடு நடந்து, வேறு வண்டி பிடித்து, பிறகு பேருந்தும் பிடிக்கிறார். அந்தத் தடம் முழுதும் இயங்கும்போது பெரம்பூரில் ஒரே ஒரு முறை மாறினால் போதும்.

மாறுவது எப்படி இருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மின்சார ரயில் நடைமேடையிலிருந்து மெட்ரோ நடைமேடைக்கு மழை படாமல், சாலை இறங்காமல், மூன்று நிமிடத்தில் போக முடிந்தால் திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் தரமணியின் கல்லூரிகள் கைக்கெட்டும். வெளியே வந்து, ஆட்டோக்களுக்கு நடுவே சாலையைக் கடந்து, சீட்டைக் காட்டி, மறுபடி படியிறங்கி என்று பன்னிரண்டு நிமிடம் ஆனால், காத்திருப்பையும் நடையையும் இரு மடங்காக எண்ணும் கணக்கில் அது 24 நிமிடம். சுரங்கத்தின் வேகத்தால் மிச்சமான நேரம் முழுவதும் அங்கே கரைந்துவிடும். மேலும் ஒன்று: எல்லாப் புறநகர் வண்டிகளும் பெரம்பூரில் நின்றாக வேண்டும். விரைவு உள்ளூர் வண்டி என்று சொல்லி நிற்காமல் போனால், வேகத்தின் பெயரால் மறுபடியும் சுற்றைத் திறந்துவிட்டதாகும்.

2025 ஏப்ரலில் கடற்கரை–தாம்பரம்–செங்கற்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. எங்கள் தடத்துக்கும் வேண்டும் என்ற கோரிக்கை வரும். வரட்டும். ஆனால் குளிர்சாதன வண்டிக்கு முன்பாகக் கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு தடத்திலும் மாதந்தோறும் சராசரிக் காத்திருப்பு எத்தனை நிமிடம் என்று கும்டா வெளியிட வேண்டும். வண்டிகளின் இருப்பிடத் தரவு அவர்களிடம் இருக்கிறது. மேலே சொன்ன வர்க்கக் கணக்கைக் கணிப்பொறி ஒரு நொடியில் செய்துவிடும். அதோடு, பெரம்பூரிலும் வில்லிவாக்கத்திலும் நடைமேடைக்கும் நடைமேடைக்கும் இடையே எத்தனை மீட்டர், எத்தனை படி என்பதை, கட்டிமுடித்து நாடா வெட்டிய பிறகன்று, இப்போதே வரைபடத்தோடு அறிவிக்க வேண்டும். சுவர் எழும்புவதற்கு முன் நூறு மீட்டரைக் குறைப்பது சுலபம்.